கிரேக்கத்தில் முப்பத்துநாலாம் இலக்கச் சாப்பாடு

கோடை விடுமுறை நெருங்கினால் ஹனோவரில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு என் தொலைபேசி இலக்கம் ஞாபகம் வந்துவிடும். கிரேக்கத்துக்குப் போகிறோம், எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம், எங்கே குளிக்கலாம் என்று கேட்பார்கள். ஆறு வருடமாக ஒரே கரைக்குப் போய்வருகிறவன் என்பதால் நான் இந்த விஷயத்தில் நிபுணன். வேறு எந்த விஷயத்திலும் என்னிடம் ஒருவரும் ஆலோசனை கேட்பதில்லை.

தங்குவதற்கு, கவாலாவிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால் வரும் சின்னத் துறைமுகத்தில், பேக்கரிக்கு மேலே உள்ள அறையைச் சொல்வேன். காலையில் பாண் வாசனை எழுப்பிவிடும். கட்டில் ஒரு பக்கம் சரிந்திருப்பதால் கணவன் மனைவி சண்டை போட்டுக்கொண்டு தள்ளிப் படுக்க முடியாது. சாப்பிடுவதற்கு, அலைதடுப்புச் சுவர் முடிகிற இடத்தில் ஒரு கடை. அங்கே விலைப்பட்டியலே கிடையாது. ஒரு அம்மா ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டுவார், நாம் விரலால் காட்ட வேண்டும். நெத்தலியைப் பொரித்துத் தலையோடு கொண்டுவந்து வைப்பார். குளிப்பதற்கு, ஆட்டுப் பாதையில் இறங்கினால் மூன்றாவதாக வரும் குடா. தண்ணீர் அவ்வளவு தெளிவு, நம் கால்விரல்களை எண்ணலாம். கால்விரல் தெரியாத ஆழத்துக்கு நான் இதுவரை போனதில்லை என்பதால் இதை உறுதியாகச் சொல்ல முடிகிறது.

நாலு வருடமாக அப்பாவும் எங்களோடு வருகிறார். அவருக்குப் பிடித்த இடம் ஒன்றே ஒன்றுதான். மணல் தொடங்குமிடத்தில் சவுக்குப் போல மெல்லிய இலையுள்ள ஒரு மரம் நிற்கிறது. அதன் கீழே துவாயை விரித்து, காலை ஒன்பது மணிக்குப் படுத்தால் பின்னேரம் மூன்று மணிவரை நித்திரை. முதல் வருடம் என் மனைவி பயந்துபோய் இரண்டு தடவை மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள். இவ்வளவு காசு செலவழித்து வந்து இப்படித் தூங்குவதற்கு வீட்டிலேயே தூங்கியிருக்கலாமே என்று என் மகள் கேட்டாள். தாத்தாவை மட்டும் ஒருவரும் எழுப்பக் கூடாது என்று சொல்லிவைத்தேன். ஏன் என்று கேட்டதற்கு, அவர் அந்த இடத்தை நான் சொல்லித்தான் தெரிந்துகொண்டார் என்றேன்.

அது உண்மைதான். கிரேக்கக் கரையில் தங்க, சாப்பிட, குளிக்க நல்ல இடங்கள் எவை என்று நான் முதன்முதலில் எழுதியது ஒன்பது வயதில். அப்போது நான் ஹனோவர் நகர எல்லையைத் தாண்டியதே இல்லை.

அதற்கு முன்பு ஒருதடவை தாண்டியிருக்கிறேன், ஆனால் கணக்கில் வராது. ஊரை விட்டு வந்து ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கியபோது நான் அம்மாவின் இடுப்பில் இருந்தேனாம், வழி முழுக்க அழுதேனாம். அதன்பிறகு ஹனோவரில் இரண்டு அறை வீடு, அதில் அப்பா, அம்மா, நான், தங்கச்சி, அப்பாவின் தம்பியான சித்தப்பா. அப்பா ஒரு கிரேக்கச் சாப்பாட்டுக் கடையின் குசினியில் கோப்பை கழுவினார். பிறகு வெங்காயம் வெட்டும் நிலைக்கு உயர்ந்தார்.

அந்தக் கடை எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. வாசலில் இரண்டு வெள்ளைத் தூண்கள், தட்டினால் உள்ளே வெறுமையாகச் சத்தம் கேட்கும். தூணுக்குப் பக்கத்தில் மூக்கு உடைந்த ஒரு சிலை. கிரேக்கர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன், ஆனால் கடை முதலாளிக்கு மூக்கும் இருந்தது, அதற்குக் கீழே இரண்டு பேருக்குப் போதுமான மீசையும் இருந்தது. உள்ளே ஒரு சுவர் முழுவதும் நீலக் கடல் வரைந்திருந்தார்கள். அம்மா துப்புரவு வேலைக்குப் போகும் சனிக்கிழமைகளில் நான் அந்தக் கடலோரம் உள்ள மேசையில் உட்காருவேன். முதலாளி எனக்கு முப்பத்துநாலாம் இலக்கச் சாப்பாடு கொண்டுவரச் சொல்வார். சீவிய இறைச்சி, சோறு, உருளைக்கிழங்குப் பொரியல், தயிர்ச் சட்னி. கடைசியில் பெரியவர்களுக்கு ஒரு சின்னக் கிளாஸில் ஏதோ வெள்ளையாக, பிள்ளைகளுக்குச் சிவப்பு லொலிப்பொப்.

முதலாளியின் ஊர் கவாலாவுக்குப் பக்கம். மேசையில் தட்டுக்குக் கீழே விரிக்கிற காகிதத்தில் கிரேக்க வரைபடம் அச்சடித்திருக்கும், அதில் தன் ஊர் இருக்கிற இடத்தில் தானே ஒரு புள்ளி வைத்து எனக்குக் காட்டினார். ஒருமுறை அச்சகத்தில் பிழைவிட்டு, கடல் மஞ்சளாக ஒரு கட்டு வந்துவிட்டது. அதை முதலாளி அப்பாவிடம் கொடுத்தார். எங்கள் வீட்டில் இரண்டு வருடம் எல்லாமே கிரேக்கத்தின் முதுகில்தான் நடந்தது. என் கணக்கு, தங்கச்சியின் கிறுக்கல், அம்மாவின் சாமான் பட்டியல். சுடச்சுட இறக்கிய கறிச்சட்டியும் அதன்மேல்தான். ஜெர்மனியின் மாநிலங்கள் எனக்கு வரிசையாக வராது, ஆனால் கிரேக்கத் தீவுகளைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கும் முதல் நாள் எங்கள் வகுப்பில் எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து, யார் எங்கே போனீர்கள் என்று ஆசிரியை கேட்பார். முந்திய வருடம் நான் ‘வீட்டில்’ என்றேன். வீடும் நல்ல இடம்தான் என்று ஆசிரியை சொன்னார். காய்ச்சல்காரனிடம் பேசுகிற குரலில் சொன்னார். அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்க எனக்கு விருப்பமில்லை. இந்த முறை டென்மார்க், மல்லோர்க்கா, பால்டிக் கடல் என்று வட்டம் சுற்றி என்னிடம் வந்தபோது வாய் தானாகத் திறந்து ‘கிரேக்கம்’ என்றது. எந்தப் பக்கம் என்றார் ஆசிரியை. கவாலாவுக்குப் பக்கம் என்றேன். மல்லோர்க்காக்காரனே திரும்பிப் பார்த்தான். அதற்குப் பிறகு என்னை நிறுத்த ஒருவராலும் முடியவில்லை, என்னாலும்கூட.

ஆசிரியைக்கு அவ்வளவு சந்தோஷம். எங்கே தங்கினாய், என்ன சாப்பிட்டாய், எங்கே நீந்தினாய் என்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வா, சுவரில் ஒட்டலாம் என்றார்.

எழுதினேன். தங்கியது வாசலில் இரண்டு வெள்ளைத் தூண்களும் மூக்கில்லாத சிலையும் உள்ள வீட்டில். கடல் சுவரிலிருந்தே தொடங்கும். ஒவ்வொரு நாளும் முப்பத்துநாலாம் இலக்கச் சாப்பாடு சாப்பிட்டோம். சாப்பிட்டு முடிந்ததும் பிள்ளைகளுக்குச் சிவப்பு லொலிப்பொப் கொடுப்பது கிரேக்க நாடு முழுவதும் உள்ள வழக்கம். காலையில் பாணுக்கு முன்பு நான் தூரத்துப் பாறைவரை மூன்று தடவை நீந்திப் போய்வந்தேன். இதை எழுதிய காலத்தில், நகர நீச்சல் குளத்தில், ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை மட்டும் அடிக்கிற குழுவில் நானும் வேறு இரண்டு பேரும் இருந்தோம். அந்த இருவரில் ஒருத்தி அந்த வருடமே கம்பியை விட்டுவிட்டாள்.

குடும்பத்தாருக்கும் ஆளுக்கொரு வேலை கொடுத்தேன். அம்மா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றார். தங்கச்சி சிப்பி பொறுக்கினாள். சித்தப்பா மீன்காரனோடு சண்டை பிடித்தார். அப்பாவுக்கு என்ன கொடுப்பது என்றுதான் தெரியவில்லை. வேலை செய்யாத அப்பாவை நான் பார்த்ததில்லை. அவர் தூங்கியும் பார்த்ததில்லை. கடை பூட்டி அவர் வரும்போது நான் நித்திரையாகிவிடுவேன். காலையில் நான் எழும்பும்போது அவர் சேட்டு, கால்சட்டை, சப்பாத்துவரை எல்லாம் போட்டு யன்னலோரக் கதிரையில் ரோட்டைப் பார்த்தபடி இருப்பார். நாலு மணிக்கே எழும்பிவிடுவார் என்று அம்மா சொல்வார். வெளியே நன்றாக வெளித்து, ஏழு மணி ஆனபிறகு சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிப்பார். எங்கள் அப்பா அதிகாலையில் எழும் நல்ல பழக்கமுள்ளவர் என்று வகுப்பில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். ஆகவே கிரேக்கத்தில் அவருக்கு ஒரு மாறுதலாக இருக்கட்டும் என்று, அப்பா மணலில் நாள் முழுவதும் நித்திரை கொண்டார் என்று எழுதினேன்.

இரண்டு கிழமை கழித்துப் பெற்றோரைச் சந்திக்கும் நாள் வந்தது. அம்மாவுக்கு வேலை. அப்பா தன்னிடமிருந்த ஒரே டையைக் கட்டிக்கொண்டு வந்தார். நானும் கூடப் போனேன், ஏனென்றால் அப்பாவின் ஜெர்மன் குசினிக்குள் மட்டும் ஓடக்கூடியது. டொக்டர், வங்கி, பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் நான்தான் மொழிபெயர்ப்பாளன். எங்கள் ஆட்களின் வீடுகளில் பிள்ளை பெறுவதன் பயன்களில் அதுவும் ஒன்று.

வகுப்புக்கு வெளியே நடைபாதைச் சுவரில் பெரிய ஐரோப்பிய வரைபடம். ஹனோவரில் ஒரு ஊசி, அதிலிருந்து ஒவ்வொரு பிள்ளையின் ஊருக்கும் சிவப்பு நூல். நூல் முடிகிற இடத்தில் பெயரும் கட்டுரையும். எல்லாவற்றிலும் நீளமான நூல் என்னுடையது. நான் பெருமையோடு நிமிர்ந்தபோதுதான் அப்பா நின்றுவிட்டதைக் கண்டேன். அவருக்குக் கட்டுரையை வாசிக்க ஏலாது. ஆனால் கிரேக்க வரைபடத்தை அந்தக் கட்டடத்தில் அவரளவு பார்த்தவர்கள் வேறு ஒருவரும் இருந்திருக்க முடியாது.

“உது என்னடா?” என்றார்.

சொன்னேன். அவர் நூலைப் பார்த்தபடியே நின்றார். மெதுவான குரலில் எனக்கு அதுவரை தெரியாத ஒன்றைச் சொன்னார். எங்களிடம் இருப்பது இந்த நாட்டில் இருப்பதற்கான விசா இல்லையாம். இப்போதைக்குத் திருப்பி அனுப்பவில்லை என்று எழுதிய ஒரு தாளாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை நீட்டித் தருவார்களாம். அனுமதி இல்லாமல் ஹனோவரை விட்டுப் போகக் கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கிறதாம். நாட்டை விட்டே போனால் அந்தத் தாள் அத்தோடு செத்துவிடுமாம். நாங்கள் குடும்பமாகக் கிரேக்கம் போய் வந்தோம் என்று, எங்கள் பெயரோடு, சிவப்பு நூல் கட்டி, அரசாங்கப் பள்ளிக்கூடத்துச் சுவரில் இருக்கிறது.

உள்ளே ஆசிரியை கைகுலுக்கி உட்காரச் சொன்னார். அப்பா உட்காரவில்லை. “உவன் எழுதினது முழுக்கப் பொய், நாங்கள் ஒரு இடமும் போகேல்லை எண்டு சொல்லு” என்றார்.

இந்த இடத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளனின் நிலைமையை நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். ஆசிரியை என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். அந்தச் சிரிப்பு எனக்குக் கிடைத்து இரண்டே கிழமைதான் ஆகிறது. நான், என் கட்டுரையைச் சுவரில் ஒட்டியதற்கு அப்பா நன்றி சொல்கிறார் என்று ஜெர்மனில் சொன்னேன். ஆசிரியை உருகிப்போய், அப்பாவுக்கு விளங்கும்படி நிறுத்தி நிறுத்தி, கிரேக்கம், அழகு, இல்லையா என்று கேட்டார். எந்த ஜெர்மன்காரர் எதைக் கேட்டாலும் அப்பாவிடம் ஒரு பதில் இருந்தது: ஆம், ஆம், நன்றி. அதைத் தலையாட்டியபடி சொன்னார்.

ஆசிரியை என்ன சொன்னார் என்று பிறகு என்னிடம் கேட்டார். பிழையைத் திருத்திவிடுவாராம் என்றேன்.

அப்பா நம்பினார், ஆனால் முழுதாக நம்பவில்லை. வெளியே வந்ததும் நடைபாதையின் இரு பக்கமும் பார்த்தார். ஊசியைக் கழற்றி, கட்டுரையை நாலாக மடித்துக் கோட்டுக்குள் வைத்தார். ஜெர்மனியில் அவர் செய்த ஒரே களவு அது. நூல் மட்டும் ஹனோவரிலிருந்து கீழே தொங்கியது.

வீட்டில் சித்தப்பா இருந்தார். சித்தப்பாவுக்குச் சட்டம் தெரியும். எங்கே படித்தார் என்று ஒருவருக்கும் தெரியாது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சாமான் கடையில் ஆட்கள் கதைப்பதைக் கேட்டுக்கேட்டே சட்டத்தரணி ஆகியிருந்தார். பள்ளிக்கூடத்துக்கும் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கும் ஒரே கொம்பியூட்டர் என்றார். சுவரில் ஒட்டியபோது ஒரு குற்றம், பொய்யாக இருந்தால் இன்னொரு குற்றம், அதைக் களவெடுத்தது மூன்றாவது என்று விரல்களை மடித்தார். நாலாவது விரலுக்கும் ஏதாவது வைத்திருப்பார், அதற்குள் அம்மா குறுக்கே விழுந்தார்.

“பிள்ளையை ஒரு கடலுக்கெண்டாலும் கூட்டிக்கொண்டு போயிருந்தால் அவன் ஏன் பொய் சொல்லுறான்” என்றார். பிறகு என்னிடம் திரும்பி, ஆசிரியை திருத்துகிறேன் என்றுதானே சொன்னவ என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

ஓம் என்றேன். 

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து டெர்மின், அதாவது இன்ன நாள் இன்ன நேரத்துக்கு வா என்ற கட்டளை. வழக்கமாக நீட்டுவதற்கு அப்பா மட்டும் போவார். இதில், வேறு கோப்பில் இருந்த சித்தப்பாவைத் தவிர, குடும்பம் முழுவதும் வர வேண்டும், ஆளுக்கு இரண்டு படம் கொண்டுவர வேண்டும் என்றிருந்தது. வாசித்து மொழிபெயர்த்தது நான்தான். அந்த ஒரு தடவை பிழையாக மொழிபெயர்த்தால் நல்லது நடக்குமா என்று யோசித்தேன், ஆனால் வாயில் வேறு ஒன்றும் வராததால் உள்ளதை உள்ளபடியே சொல்லிவிட்டேன். படம் எதற்கு என்று அம்மா கேட்டார். விமானத்தில் ஏற்றுவதற்குத்தான், வேறெதற்கு என்றார் சித்தப்பா. அப்பா அவரைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய் ஏதோ சொன்னார். அதன்பிறகு மூன்று நாள் சித்தப்பா சட்டம் பேசவில்லை.

படம் எடுக்க ரயில் நிலையத்துப் பெட்டிக்குள் ஒவ்வொருவராக உட்கார்ந்தோம். அந்தப் படங்கள் இப்போதும் அம்மாவிடம் இருக்கின்றன. தீர்ப்பு வாசித்து முடித்தபிறகு எடுத்த படங்கள்போல இருக்கும். தங்கச்சி மட்டும் சிரிக்கிறாள், அவளுக்கு நாலு வயது. எனக்கு இரவில் காய்ச்சல் வந்தது. நாங்கள் நால்வரும் என் வாயால்தான் போகப்போகிறோம், ஆசிரியையிடம் உண்மை போய்ச் சேரவே இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். பாடசாலைப் பையிலிருந்து புத்தகங்களை எடுத்துவிட்டு உடுப்பு வைத்துப் பார்த்தேன். இரண்டு காற்சட்டைக்கு மேல் கொள்ளவில்லை.

அலுவலகத்தில் எங்களுக்குக் கிடைத்தவர் ஒல்லியான மனிதர். மேசையில் எல்லாமே ஓரத்துக்கு நேராக அடுக்கி வைத்திருந்தார். அவர் எங்கள் கோப்பைத் திறந்து வாயைத் திறப்பதற்குள் அப்பா கோட்டுக்குள் கைவிட்டு, நாலாக மடித்த கட்டுரையை எடுத்து அவர் முன்னால் விரித்து வைத்தார்.

“சொல்லு” என்றார் என்னிடம். “நாங்கள் ஒரு இடமும் போகேல்லை. உதை எழுதினது என்ரை மகன். சுவரிலை இருந்து களவெடுத்தது நான். அதையும் விடாமல் சொல்லு.”

எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. அப்பா சொல்லாததையும் சேர்த்துச் சொன்னேன். ஆசிரியையிடம் மாற்றிச் சொன்னது நான், அப்பாவுக்குத் தெரியாது, ஆகவே அனுப்புவதென்றால் என்னை மட்டும் அனுப்புங்கள், தங்கச்சிக்கு விமானத்தில் வாந்தி வரும் என்றேன். அவள் பிறந்ததே ஹனோவரில், விமானத்தைப் பக்கத்தில் பார்த்ததுகூட இல்லை.

அந்த மனிதர் முதலில் எங்கள் நால்வரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டுரையை வாசிக்கத் தொடங்கினார். ஒரு பக்கக் கட்டுரைக்கு அவ்வளவு நேரம் எடுத்த வாசகர் எனக்கு அதற்குப் பிறகு வாய்க்கவில்லை. நடுவில் நிறுத்தி, இந்தச் சிலைக்கு மூக்கு எந்தப் பக்கம் உடைந்திருந்தது என்று கேட்டார். இரண்டு பக்கமும் என்றேன். முப்பத்துநாலாம் இலக்கத்துக்குச் சோறா, உருளைக்கிழங்குப் பொரியலா என்றார். இரண்டும் என்றேன். அவர் எழுந்து போய்ப் பக்கத்து அறைக் கதவைத் தட்டி இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் பருமனானவர், நின்றபடியே வாசித்தார், லொலிப்பொப் வந்த இடத்தில் வயிறு குலுங்கியது. அப்படியென்றால் நாமும் வெள்ளிக்கிழமை தோறும் கிரேக்கம் போய்வருகிறோமே, யாரிடம் விடுமுறை கேட்டோம் என்றார். முப்பத்துநாலாம் இலக்கம் நல்ல சாப்பாடு என்றார் ஒல்லியானவர்.

அப்பாவின் கடை அந்த அலுவலகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது. அவர்கள் வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் அங்கேதான் சாப்பிடுவார்களாம். அவர்களுடைய தட்டுகளை அவ்வளவு காலமும் கழுவியது யார் என்று அவர்களுக்கும் தெரியாது, அவை யாருடைய தட்டுகள் என்று அப்பாவுக்கும் தெரியாது.

அவர்கள் சிரிப்பதைப் பார்த்து அப்பாவுக்கு இன்னும் பயம். “என்னவாம்?” என்றார்.

“முப்பத்துநாலாம் இலக்கம் நல்ல சாப்பாடாம்” என்றேன்.

அப்பாவின் கை என் காதைப் பிடித்துக்கொண்டது. இங்கேயுமா உன் வேலை என்று பல்லைக் கடித்தபடி கேட்டார். என் வாழ்க்கையில் ஒரு சொல் பிசகாமல் நான் செய்த மொழிபெயர்ப்பு அதுதான், அதற்குத்தான் காது சிவந்தது.

ஒல்லியானவர் கைகாட்டி எல்லாரையும் உட்காரச் சொன்னார். பிறகு, கட்டுரையைப் பற்றித் தனக்கு இன்றுவரை ஒன்றும் தெரியாது, எங்களைக் கூப்பிட்டது வேறு விஷயத்துக்கு என்றார். இத்தனை வருடம் இங்கே இருந்து வேலையும் செய்கிற குடும்பங்களுக்கு இருப்பதற்கான அனுமதி கொடுக்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு வந்திருக்கிறதாம். எங்களுக்கு இரண்டு வருடம். அதன் பிறகும் நீட்டலாமாம். அந்தப் படங்கள் அதில் ஒட்டுவதற்கு. ஹனோவரைத் தாண்டக் கூடாது என்ற வரி இனி இல்லையாம்.

நான் அப்பாவிடம் சொன்னேன். “உண்மையைச் சொல்லு” என்றார். திரும்பவும் சொன்னேன். அப்பா என்னை விட்டுவிட்டு அந்த மனிதரைப் பார்த்தார். அவர் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டி, இரண்டு வருடம் என்று ஜெர்மனில் மெதுவாகச் சொன்னார். அந்தச் சொற்கள் அப்பாவுக்குத் தெரியும். என் காதிலிருந்து கை தானாக வழுகி விழுந்தது. அம்மா தங்கச்சியின் சட்டைக் கொலரை மடித்துவிட்டார், திரும்ப விரித்துவிட்டு மறுபடி மடித்தார். நாங்கள் அங்கே இருந்த நேரம் முழுவதும் அந்தக் கொலர் சரிவரவில்லை.

புறப்படும்போது ஒல்லியானவர் கட்டுரையைத் திருப்பித் தந்தார். இதை எடுத்த இடத்தில் வைத்துவிடும்படி அப்பாவிடம் சொல் என்றார். தருவதற்கு முன் பேனாவை எடுத்து, மூன்றாவது வரியில் நான் விட்டிருந்த ஒரு காற்புள்ளியைப் போட்டார்.

அம்மாவும் தங்கச்சியும் பால் வாங்கக் கடைக்குப் போனார்கள், அன்றைக்குப் பாயாசம் என்று அம்மா முடிவெடுத்திருந்தார். நானும் அப்பாவும் ட்ராம் தரிப்பிடத்து வாங்கில் உட்கார்ந்திருந்தோம். எனக்குக் கன்னத்தில் இரண்டு அறை நிலுவையில் இருக்கிறது என்று தெரியும், அலுவலக வாசலில் அவரிடம் ஒத்துக்கொண்ட ஆசிரியை விஷயம் ஒன்று, கட்டுரை விஷயம் ஒன்று. ஆட்கள் குறையட்டும் என்று அப்பா காத்திருக்கிறார் என நினைத்தேன். அவர் கட்டுரையை என் மடியில் வைத்தார். “வாசி. தமிழிலை சொல்லு” என்றார்.

தூணையும் சிலையையும் சொன்னேன். சோற்றையும் லொலிப்பொப்பையும் சொன்னேன். நான் பாறைவரை மூன்று தடவை நீந்தியதைக் கேட்டபோது அப்பாவின் மூக்கு விரிந்தது, அது சிரிப்பா கோபமா தெரியவில்லை. அம்மா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றதைச் சொன்னேன். சித்தப்பாவின் சண்டையைச் சொன்னேன்.

“நான் என்ன செய்தனான்?” என்றார் அப்பா.

“நீங்கள் மணலிலை நித்திரை கொண்டனீங்கள்.”

“எவ்வளவு நேரம்?”

“நாள் முழுக்க.”

 ட்ராம் வந்தது, கதவு திறந்தது, மூடியது, போனது.

“ஒருத்தரும் வந்து எழுப்பேல்லையோ?” என்றார்.

அவர் பொய்யில் ஓட்டை தேடுகிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது. அன்றைக்கு இனிப் பொய் சொல்வதில்லை என்று நினைத்திருந்தாலும், எழுதியதைக் காப்பாற்ற வேண்டிய கடமை ஒன்று இருக்கிறதல்லவா. கட்டுரையில் இல்லாததையும் சேர்த்து எல்லா ஓட்டையையும் அடைத்தேன்.

“இல்லை அப்பா. ஒருத்தரும் வரேல்லை. வந்த ஆக்களும் சத்தம் போடாமல் சுத்திப் போனவை.”

அப்பா கைலேஞ்சியை எடுத்து மூக்கைச் சிந்தினார். முகத்தையும் துடைத்தார், நீண்ட நேரம் துடைத்தார். அறை விழவில்லை. அடுத்த ட்ராமும் வந்து போனது. நான் ஞாபகப்படுத்தியதற்கு, இன்னும் ஒன்று வரும்தானே என்றார். அவர் ட்ராமைத் தவறவிட்டு நான் கண்டது அன்றைக்கு மட்டும்தான், அதுவும் இரண்டு ட்ராம். அடுத்த நாள் அவர் கட்டுரையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், தொங்கிய நூலில் தன் கையாலேயே திரும்பக் குத்திவிட்டு வந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் எழும்பியபோது யன்னலோரக் கதிரை காலியாக இருந்தது. சப்பாத்து வாசலில் கிடந்தது. பயந்துபோய் அம்மாவிடம் ஓடினேன். அம்மா உதட்டில் விரல் வைத்து, அறைக் கதவைக் காட்டினார். உள்ளே அப்பா வாய் திறந்தபடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மணி ஒன்பது தாண்டியிருந்தது. சித்தப்பா நுனிக்காலில் நடந்தார்.

விடியப்புறம் நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில்தான் திருப்பி அனுப்பப்படுகிறவர்களின் கதவைத் தட்ட வருவார்கள் என்பதை அந்த வீட்டில் ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை, சட்டமெல்லாம் சொன்ன சித்தப்பாகூட. ஆகவே நான் கதவிடுக்கில் நின்று அப்பாவைப் பார்த்தேன், என் கட்டுரையைக் கேட்டுத்தான் அவர் நித்திரை கொள்ளப் பழகிவிட்டார் என்று நினைத்தேன். அதைக் கனகாலம் நம்பிக்கொண்டும் இருந்தேன்.